பதினோராம் பக்கத்துப் பெண்

— அந்தப் பக்கத்தை மிஷினே எழுதிடுச்சுன்னு நான் எப்பிடி மேடம் சொல்றது? அது எழுதலையே.

— மெதுவா பேசு செம்பியன். பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும் மேடம். சிதம்பரத்துல ஏறினதுலேர்ந்து நீங்க சொல்றீங்க, நான் கேட்டுக்கிட்டே வரேன். புதுச்சத்திரமே வந்துடுச்சு.

— இன்னும் கொஞ்சம் கேளு. ஜெயராணிக்கு வேலை போயிடுச்சு. காண்ட்ராக்டர் கேட் பாஸைப் பிடுங்கிக்கிட்டு வெளிய நிறுத்திட்டான். எதனால? நம்ம ஆராய்ச்சி மையம் போட்ட புத்தகத்துல பதினோராம் பக்கத்துல அவ பேசினது வந்திருக்கு. பேர் போடல, ஊர் போடல. கெமிக்கல் கம்பெனியில கழுவித் துடைக்கிற ஒரு பெண்ணுன்னுதான் போட்டோம். அப்பிடியும் கண்டுபிடிச்சுட்டான். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கணுமா, வேணாமா?

— அவ இல்ல மேடம், அவுங்க. ஒங்களுக்கும் அவுங்களுக்கும் வயசு ஒண்ணும் ஜாஸ்தி வித்தியாசம் இல்ல.

— சரி, இருக்கட்டும். அவங்களுக்கு வேலை கிடைக்கணுமா, வேணாமா?

— கெடைக்கணும்.

— அப்ப ஒரே வழிதான். அந்தப் பக்கத்துல இருக்கறத யாரும் பேசல, ஏஐ தானா இட்டுக்கட்டினது, தெரியாம அச்சாயிடுச்சுன்னு மையத்துலேர்ந்து காண்ட்ராக்டருக்கு ஒரு மெயில் போகணும். பேட்டிய ஏஐல போட்டவன் நீ. அதனால கையெழுத்து உன்னோடது. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னு எவ்ளோ சுளுவா சொல்றீங்க. டேங்க் கழுவின தண்ணிய, மழை கொட்டற நேரமாப் பாத்து வாய்க்கால்ல தெறந்து வுடச் சொல்றாங்கன்னு அவுங்க ஒருத்தர்தான் சொன்னாங்க. நாம பேட்டி எடுத்த வேற யாரும் வாயத் தெறக்கல. அதையே பொய்னு நம்ம கையால எழுதிக் குடுத்துட்டா, புத்தகத்துல அப்பறம் என்னா இருக்கு? அட்டை இருக்கு.

— புத்தகம் போனா போகட்டும்.

— என் பேரும் கூடவே போவும். இல்லாத ஆளை உண்டாக்கிப் பேட்டி போட்டவன்னு. இதுக்கப்பறம் எந்த ஊர்ல என்னய உள்ள சேப்பாங்க?

— நான் இருக்கேன். நான் பாத்துக்கறேன்.

— நீங்க பாத்துக்கிட்டதுதான் மேடம் இவ்ளோ நாளா ஓடுது.

— இதுக்கு என்ன அர்த்தம்?

— ஒண்ணும் இல்ல. ஜன்னலக் கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரல.

— பாரு செம்பியன், நான் அன்னிக்கே சொன்னேன். கமிட்டியில எழுந்து நின்னு சொன்னேன். ஜனங்க நம்மள நம்பிக் கதவைச் சாத்திக்கிட்டு பேசறாங்க. அந்தக் குரலக் கொண்டுபோய் எங்கயோ இருக்கற கம்ப்யூட்டர்ல கொட்டறது துரோகம்னு சொன்னேன். நீயும் வெண்மதியும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சீங்க.

— சிரிக்கல. வெண்மதி கழுத்துல பட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. காதுல மாட்டிக்கிட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, டைப் அடிச்சு அடிச்சு வந்த வலி அது. துரோகம்னு நீங்க சொன்னப்ப அவளால தலையக்கூட திருப்ப முடியல. அதான் விஷயம்.

— அந்த வலிதான் ஆராய்ச்சி. பேசறவ அழுதா கேக்கறவனுக்கும் தொண்டை அடைக்கணும். நிறுத்தணும். எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி கேக்கணும். அப்பதான் அவ என்ன சொன்னா, எதைச் சொல்லாம விட்டான்னு தெரியும். அந்த மிஷினுக்குத் தொண்டை இருக்கா?

— நல்லாத்தான் சொல்றீங்க. யாருக்கு மேடம் அடைச்சுது? டைப் அடிச்சது நாங்க. ஒங்க மேசைக்கு வரும்போது அது வெள்ளைக் காயிதம். பேரு மட்டும் ஒங்களுது முதல்ல.

— இதை எத்தனை நாளா மனசுல வச்சிருந்த?

— நான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்த முதல் கட்டுரையிலேர்ந்து. பக்கம் பூரா செவப்பு மை. வராந்தாவுல எல்லாரும் நிக்கறப்ப குடுத்தீங்க. நான் சேத்தியாத்தோப்புல கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவன். சிதம்பரத்துல, கோயிலை ஒட்டின கீழ வீதியில பொறந்து வளந்த ஒங்களுக்கு அந்த செவப்பு என்னான்னு தெரியாது. இன்னிக்கு அதே வேலைய ஏஐ செய்யுது. வராந்தாவுல நிக்க வெக்கல. நீங்க திருத்தினா அது வழிகாட்டறது, அது திருத்தினா திருட்டு. இது எந்த ஊர் ஞாயம் மேடம்?

— நான் திருத்தும்போது என்ன திருத்தறேன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது. ஸ்ரீமுஷ்ணம் நெல் வியாபாரி பேட்டிய அதுகிட்ட குடுத்தியே, என்ன ஆச்சு? அந்த மனுஷன் நம்மளத் திட்டி அனுப்பினார். அது என்னடான்னா, 'இந்த ஆய்வுக்கு என் மனமார்ந்த நன்றி'ன்னு அவர் சொன்னதா முடிச்சு வச்சுது.

— ஆமா. அது தப்புதான். நான் பாத்து அடிச்சுட்டேன்.

— பாக்காம விட்டிருந்தா? அது இட்டுக்கட்டும்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் சொல்றேன், இந்த மெயில எல்லாரும் நம்புவாங்க. காண்ட்ராக்டரும் நம்புவான். அவனுக்கும் அதுதான் வேணும்.

— ஒங்களுக்கும்.

— என்ன?

— ஒங்களுக்கும் அதுதான வேணும். அடுத்த கமிட்டியில நீட்டுவீங்க, பாத்தீங்களா, ஏஐயால ஒரு ஏழையோட சோத்துல மண்ணு விழுந்துச்சுன்னு. பழி போட வாயில்லாத ஒண்ணு கெடைச்சுப் போச்சு.

— செம்பியன், நீ எல்லை தாண்டற.

— இன்னும் தாண்டல. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. என்ன திருத்தறேன்னு தெரியும்ங்கறீங்களே, பதினோராம் பக்கத்துல நீங்க என்ன திருத்தினீங்க?

— நான் ஒண்ணும் திருத்தல. விட்டுப்போன ஒரு வரியச் சேத்தேன்.

— எந்த வரி?

— சர்ச்சுல நற்கருணை அப்பம் வாங்கறதப் பத்தின அந்த வரி.

— சொல்லுங்களேன். மனப்பாடமாத்தான தெரியும்.

— 'பூசையில எல்லாரும் கைய நீட்டி நற்கருணை வாங்கறாங்க. என் கை மஞ்சளா ஊறிக் கெடக்கு, எந்த சோப்புக்கும் போவல. அதால நான் கைய முந்தானைக்குள்ள வெச்சுக்கினு நாக்குல வாங்கறேன்.' அதுலதான் செம்பியன் அவளோட உயிரே இருக்கு. அந்த வரி இல்லன்னா அது வெறும் புகார் மனு.

— அது விட்டுப்போகல மேடம். எடுத்தது. பேரு, ஊரு, ஆளை அடையாளம் காட்டற எல்லாத்தையும் எடுத்துடுன்னு நான்தான் ஏஐகிட்ட சொன்னேன். இதையும் எடுத்துச்சு. இத வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடலாம், வேணாம்னு பக்கத்துலயே எழுதி வெச்சுது. அதை நீங்கதான் ஒங்க கையால திரும்ப நொழைச்சீங்க. ஞாயித்துக்கெழமை கோயில்ல வரிசையில நிக்கற அத்தனை பேரு கண்ணுக்கும் தெரியற விஷயம் அது. நீங்க நடராசரக் கும்புடறவங்க. நான் எதையும் கும்புடாதவன். நம்ம ரெண்டு பேருக்கும் அது தோணல. அதுக்குத் தோணுச்சு.

— நீ ஏன் அப்பவே சொல்லல?

— சொன்னேன். 'இந்த மிஷின் மண்ணோட குரல வெள்ளாவி வெச்சு வெளுத்துடுச்சு'ன்னு கமிட்டியில என் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. கை தட்டினாங்க. அதுக்கு மேல நான் என்னாத்த பேசறது? என் வேலை வருசா வருசம் நீங்க எழுதறதுல நீளுது. என் கையெழுத்தயே ஸ்கேன் எடுத்து ஒங்க கம்ப்யூட்டர்லதான வெச்சிருக்கீங்க, பயணப்படி பில்லுல போடறதுக்கு.

— ஆலப்பாக்கம் தாண்டிடுச்சா?

— தாண்டிடுச்சு.

— ஜெயராணிகிட்ட இதைச் சொல்லப்போறியா? வரியச் சேத்தது நான்னு?

— கேட்டா சொல்லுவேன். நானும் யோக்கியன் இல்ல. 'இந்த ரெக்கார்டர்ல இருக்கறத நானும் மேடமும் தவிர யாரும் கேக்க மாட்டோம்'னு அவுங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவன் நான். மறுநாளே ஏஐல ஏத்தினதும் நான். அதையும் சொல்லுவேன்.

— அப்ப மெயில்?

— அவுங்களக் கேப்போம். அனுப்புங்கன்னு அவுங்க சொன்னா, என் பேரு நாறினாலும் பரவால்ல, கையெழுத்து போடறேன். வேணாம்னா அனுப்பக் கூடாது. ஒத்துக்கறீங்களா?

— அவங்க வேற என்ன சொல்லப்போறாங்க? வேலை வேணாம்னா சொல்லுவாங்க?

— ஒத்துக்கறீங்களா மேடம்?

— எழுந்திரு. ஸ்டாப் வந்துடுச்சு.

— கம்பெனி நாத்தம் வருது பாருங்க. இப்பிடி வாங்க, இந்தத் தெருதான். அந்த நீல கேட்டுக்கு அடுத்த வூடு. ஜெயராணி அக்கா. அக்கா, இருக்கீங்களா?

— வா தம்பி. ஆரு, மேடமும் வந்துருக்காங்களா. வாங்கம்மா, உள்ள வாங்க. சேர்ல துணி கெடக்கு, தள்ளிட்டுக் குந்துங்க. டீ போட்டுட்டேன்.

— நாங்க வரோம்னு போன்கூட பண்ணலையேக்கா.

— இன்னிக்கு வருவீங்கன்னு தோணுச்சு. புடிங்கம்மா டம்ளர. முந்தானையில சுத்திக் குடுக்கறேனேன்னு நெனைக்காதீங்க. சூடு ஒண்ணும் இல்ல, கை படக் கூடாதுன்னுதான்.

— ஐயோ, அதெல்லாம் வேணாம் ஜெயராணி. கையால குடு. எங்க, கையக் காட்டு பாப்போம்.

— பாத்த கைதானம்மா. கம்பெனிப் பக்கம் போவாம இருக்கமே, கொஞ்சமாவது வெளுக்கும்னு பாத்தேன். அந்த மஞ்சளுக்கு வேலை போனது தெரியல போல. அப்பிடியே குந்தியிருக்கு.

— ஜெயராணி, நான் நேரா விஷயத்துக்கு வரேன். எங்களால உனக்குக் கஷ்டம். உன் பேர் தெரியக் கூடாதுன்னுதான் எல்லாம் செஞ்சோம். ஆனா நடுவுல ஒரு மிஷின்...

— மேடம், மிஷின வுடுங்க. அக்கா, நான் சொல்றேன். நீங்க பேசினத நான் கேட்டு எழுதல. ஏஐன்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்ல. அதுக்குள்ள போட்டு எழுத வெச்சேன். ஒங்ககிட்ட பண்ணின சத்தியத்த மீறிட்டேன். அது ஒங்க அடையாளம் எல்லாத்தையும் எடுத்துடுச்சு. அப்பறம்...

— அப்புறம் நான் ஒரு வரியத் திரும்பச் சேத்துட்டேன் ஜெயராணி. நற்கருணைய நீ நாக்குல வாங்கறதச் சொன்னியே, அதை. அதை வச்சுத்தான் உன்னைக் கண்டுபிடிச்சுட்டாங்க. என்னை மன்னிச்சுடு.

— அந்த வரியா? அத வெச்சு ஆர கண்டுபுடிக்க முடியும்?

— உங்க கோயிலுக்கு வர்றவங்களுக்குத் தெரியாதா?

— எம்மா, எங்க கோயில்ல இப்ப பாதிப் பொம்பளைங்க நாக்குலதான் வாங்கறோம். அந்தக் கம்பெனிக்குப் போறவ அத்தினி பேரும். புதுசா ஒரு சாமியார் வந்தாரு. மொத ஞாயித்துக்கெழமையே, இது என்னா இந்த ஊரு வழக்கமான்னு கேட்டாரு. நாங்க கைய வெளிய எடுக்கவே இல்ல. ஆமா சாமின்னுட்டோம்.

— அப்ப எப்பிடிக்கா அவனுக்குத் தெரிஞ்சுது?

— நாந்தான் சொன்னேன்.

— என்னாக்கா சொல்றீங்க?

— புத்தகம் கம்பெனிக்கு வந்துடுச்சு தம்பி. சூப்பர்வைசரு காலையில கேட்டுகிட்ட எங்கள எல்லாம் நிக்க வெச்சு, பதினோராம் பக்கத்த சத்தமாப் படிச்சாரு. என்னா மாரி படிச்சாருன்ற, அவரு வாயில கேக்க எனுக்கே அழுவ வந்துடுச்சு. படிச்சுட்டு, இது ஆருடீன்னாரு. ஆரும் பேசல. அப்ப ஒருத்தன், இது பொன்னி வேலையாத்தான் இருக்கும், அவளுக்குத்தான் வாயி ஜாஸ்தின்னான். எனுக்குக் கோவம் வந்துடுச்சு. பேசுனது நானு, பேரு அவளுக்கா? பதினோராம் பக்கம் நாந்தான்னு சொன்னேன். பாஸைப் புடுங்கிக்கினாரு. சரி, புடுங்கிக்கன்னு வந்துட்டேன்.

— ஏன் ஜெயராணி? நாங்க உன் பேர் வெளிய வராம இருக்க எவ்வளவு பாடுபட்டோம்.

— பேரு வராதுன்னு தம்பிதான் சொல்லுச்சு. நானா கேட்டேன்? நான் போடச் சொன்னேன்.

— எப்பக்கா? எங்கிட்ட சொல்லலையே.

— ஒனுக்குப் போன் வந்துது, நீ வாசலுக்குப் போன. ஞாபகம் இருக்கா? ரெக்கார்டரு இந்த ஸ்டூல் மேல ஓடிக்கினே இருந்துச்சு. செவப்பு லைட்டு எரிஞ்சுது. எதிர்ல ஆளு இருந்தா எனுக்குக் கூச்சமா இருக்கும். அதுகிட்ட சொல்லலாம்னு சொன்னேன். 'எம் பேரு ஜெயராணி. நான் சொன்னது அத்தினியும் நெசம். எம் பேரப் போட்டுடு தம்பி, இல்லாங்காட்டி ஆரோ சொன்னதா பூடும்'னு. அப்பறம் நீ வந்து அமத்திட்ட. வூட்டுக்குப் போயி கேட்டுருப்பன்னு நெனச்சேன். புத்தகம் வந்ததும் பேரு இல்லியேன்னு பாத்தேன். கேக்கலியா தம்பி?

— கடைசி வரைக்கும் கேக்கலக்கா. ஏஐல போட்டேன். பேரெல்லாம் எடுத்துடுன்னு சொல்லியிருந்தேன். எடுத்துடுச்சு.

— நீங்கம்மா?

— நான் டைப் அடிச்சு வந்ததத்தான் படிச்சேன் ஜெயராணி.

— அப்ப நான் சொன்னத முழுசாக் கேட்டது அது ஒண்ணுதான்.

— அக்கா, அடிக்கணும்னா அடிச்சுடுங்க.

— ஒன்னய அடிச்சு இன்னா ஆவப் போவுது. டீ ஆறுது, குடி.

— இல்லக்கா, கேளுங்க. நாங்க வேற ஒரு நெனப்போட வந்தோம். நீங்க பேசவே இல்ல, எல்லாம் ஏஐ கட்டின கதைன்னு காண்ட்ராக்டருக்கு எழுதிக் குடுத்துட்டா ஒங்களுக்கு வேலை கெடைச்சுடும்னு மேடம் சொன்னாங்க. இப்ப அதுக்கு அவசியமே இல்ல. பேசினது ஜெயராணிதான், ரெக்கார்டு இருக்கு, அவுங்க பேரைப் போடச் சொன்னதும் அதுல இருக்குன்னு மையமே எழுதும். திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கிட்டுப் போவோம். புத்தகத்தோட. ஒங்க பேரோட. என்னா மேடம், சரிதான?

— செம்பியன், கொஞ்சம் வெளிய வா. உங்கிட்ட பேசணும்.

— இங்கயே பேசுங்க மேடம். இனிமே வெளிய போய் எதையும் பேசறதா இல்ல. அக்கா, கூட வேற யாராச்சும் வருவாங்களா? ஒரு ரெண்டு பேரு வந்தாகூடப் போதும்.

— பொன்னி வரேன்னா. இன்னும் மூணு பேரு, கையத் தெறந்து கலெக்டரு முன்னாடியே காட்டறோம்னு சொன்னாளுங்க. நேத்து வரைக்கும்.

— நேத்து வரைக்கும்னா? இன்னிக்கு என்னா?

— தம்பி, காண்ட்ராக்டருக்கு எழுதிக் குடுக்கறதுன்றியே, அந்தத் தாளு. நீ அனுப்பலியா?

— இல்லக்கா. ஒங்களக் கேக்காம நான் எப்பிடி அனுப்புவேன்? கையெழுத்தே போடலியே.

— போடலியா நீ?

— ஜெயராணி, உனக்காகத்தான். உன் வீட்டுல அடுப்பு எரியணும்னுதான். நாங்க கிளம்பறோம். எழுந்திரு செம்பியன்.

— குந்துங்கம்மா, டீயக் குடிச்சுட்டுப் போலாம். காலையிலயே சூப்பர்வைசரு போன் பண்ணிட்டாரு தம்பி. நாளைக்கு வேலைக்கு வந்துடணுமாம். பதினோராம் பக்கத்துல பேசுனது பொம்பளையே இல்லியாம், மிஷினாம். அந்தத் தாள கேட்டுல ஒட்டியிருக்காங்க, பொன்னி பாத்துட்டு வந்து சொன்னா. கீழ ஒன் கையெழுத்து இருக்குதாம்.